பத்தில் ஒரு பங்கு யாருடைய பங்கு?

கேள்வி: நான் ஓர் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர். எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் பயிர் செய்கிறவர்கள். மேட்டு நிலத்தில் மரம் வளர்த்து விற்கிறவர்கள் ஒரு பகுதி. ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் மீதிப்பேர். எங்களிடம் கொள்முதல் செய்யும் நிறுவனம், அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் ‘பல்லுயிர்ப் பாதுகாப்புத் திட்டம்’ ஒன்றைக் கொடுக்கச் சொல்கிறது. ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கை இயற்கைக்கு விட்டுவிடலாம் என்று இளைய உறுப்பினர் ஒருவர் சொன்னார். கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. ‘பறவைக்கும் பூச்சிக்குமா பாடுபடுகிறோம்?’ என்று கேட்ட பெரியவருக்கு யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொல்லுங்கள். விளைச்சல் குறையாமல் இதைச் செய்ய முடியுமா? எத்தனை சதவீதம் விட வேண்டும்? நஷ்டம் வந்தால் யார் தாங்குவது?

பதில்:

அன்புள்ள செயலாளருக்கு,

பெரியவரின் கேள்வியை நீங்கள் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அது கணக்குக் கேட்பதாகத்தான் படுகிறது. பாடுபட்டதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கிறார். அதற்குப் பதில் வைத்துக்கொள்ளாமல் பல்லுயிரின் பெருமையை மட்டும் பேசும் திட்டம் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது. நான் எழுதிக் கொடுத்தவற்றிலேயே சில தாண்டவில்லை.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். பயிரில், இடம் பார்த்து நிலத்தை விட்டால் விளைச்சல் பெரும்பாலும் குறையாது. மரத்தில் கொஞ்சம் குறையும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் போகும் ஆபத்தும் குறையும். மீனில் முதல் சில ஆண்டுகள் நிச்சயமாகக் குறையும், பிறகு கூடுவதற்கு வாய்ப்பு உண்டு. மூன்றுக்கும் ஒரே சதவீதம் வைப்பது, மூன்று நோயாளிகளுக்கு ஒரே மருந்துச் சீட்டு எழுதுவது போல. அதனால் ‘ஆளுக்குப் பத்தில் ஒன்று’ என்ற தீர்மானத்தை நிறைவேற்றாதீர்கள். அந்த இளைஞர் மனம் நோகாமல் அதை எப்படி மாற்றுவது என்று கீழே சொல்கிறேன்.

பயிரிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் சொல்ல நிறைய இருக்கிறது.

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி படுத்திய பாட்டை உங்கள் மூத்த உறுப்பினர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடும். 1970களிலும் 80களிலும் இந்தோனேசியாவில் நெல்லுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியின் விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாக ஏற்றது. மருந்து மலிவு என்பதால் தாராளமாக அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது. காரணம் எளிது. புகையான் தன் முட்டையை நெல்லின் இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மருந்து அதை எட்டுவதில்லை. வெளியே திரிகிற சிலந்தியும், முட்டையை உறிஞ்சிக் குடிக்கிற நாவாய்ப் பூச்சியும், தண்ணீரின் மேல் ஓடி வேட்டையாடுகிற பூச்சிகளும் மருந்தில் செத்துப்போகின்றன. சில நாள் கழித்து முட்டை பொரிகிறது. வெளியே வரும் குஞ்சுகளுக்கு எதிரியே இல்லாத வயல் காத்திருக்கிறது. 1986 நவம்பரில் அந்நாட்டு அதிபர் ஓர் ஆணை பிறப்பித்து, 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லில் பயன்படுத்தத் தடை விதித்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது. நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை.

இதில் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. பின்னர் ஜாவாவின் வயல்களில் ஆராய்ச்சியாளர்கள் பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். நடவு முடிந்த முதல் வாரங்களில் பயிரைத் தின்னும் பூச்சி வயலில் அதிகம் இருப்பதில்லை. அப்படியானால் சிலந்தி அந்த நாட்களில் எதைத் தின்று உயிர் வாழ்கிறது? தாள் மட்கும் சேற்றிலும் தண்ணீரில் மிதக்கும் பாசியிலும் வளர்கிற, கொசு போன்ற சின்னஞ்சிறு பூச்சிகளை. அவை பயிருக்குக் கெடுதலும் செய்வதில்லை, நேரடியாக உதவியும் செய்வதில்லை. எந்தக் கணக்கிலும் வராத உயிர்கள். ஆனால் அவற்றைத் தின்றுதான் சிலந்தி பெருகி, புகையான் வந்து சேரும் நாளில் தயாராக நிற்கிறது. அந்த வெறும் பூச்சிகளை வளர்ப்பது மண்ணில் சேரும் மட்கு. ஆக, தொழுவுரம் போட்டவர் தமக்குத் தெரியாமலே சிலந்திக்குச் சாப்பாடு போட்டிருக்கிறார்.

பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். பூச்சிக்காக அவர் பாடுபட வேண்டியதில்லை. அவருக்காக வேலை செய்கிற பூச்சி எது என்று பார்த்தால் போதும். சொல்வதைவிடக் காட்டுவது மேல். விடியற்காலையில் வெயில் ஏறும் முன் அவரை அழைத்துக்கொண்டு போய் வயலோரம் குந்தி உட்காருங்கள். பனி படிந்திருக்கும்போதுதான் வலைகள் கண்ணுக்குத் தெரியும்; மருந்து அடிக்காத வயலில் தூருக்குத் தூர் வெள்ளை நூல் கட்டியது போல இருக்கும். ஒரு தூரைக் கையால் தட்டி, கீழே விழுவதை ஒரு தட்டில் ஏந்துங்கள். பத்துத் தூர் தட்டி, தின்கிறவை எத்தனை, தின்கிறவற்றைத் தின்கிறவை எத்தனை என்று இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து, மருந்து அடித்து மூன்று நாளான வயலில் அதையே செய்யுங்கள். நான் நடத்திய கூட்டங்களில் ஒரு மணி நேரப் பேச்சு செய்யாததை இந்தத் தட்டு செய்திருக்கிறது.

அடுத்தது, நிலத்தை விடுவது. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு பெரிய வணிகப் பண்ணையில் ஆறு ஆண்டுகள் ஒரு சோதனை நடந்தது. 2015இல் முடிவுகள் வெளிவந்தன. சில இடங்களில் நிலத்தின் 3 சதவீதத்தையும், சில இடங்களில் 8 சதவீதத்தையும் சாகுபடியிலிருந்து எடுத்து, பூச்செடிகளும் புல்லும் வளர்த்தார்கள். மீதியில் வழக்கமான பயிர்தான். எடுத்த நிலத்தையும் சேர்த்து மொத்தத்துக்கும் கணக்கிட்டபோதும் மகசூல் குறையவில்லை. மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீக்கள் தேவைப்படும் அவரை வகைப் பயிரில் கூடவே செய்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவர்கள் எடுத்தது வயலின் ஓரங்களை. டிராக்டர் திரும்பித் திரும்பி மண் இறுகிப்போன, வேலி நிழல் விழுகிற, களை ஏறி வருகிற ஓரங்களில் மகசூல் ஏற்கனவே நடுவயலைவிடக் கணிசமாகக் குறைவு. அந்த ஓரத்துக்கும் விதை, உரம், டீசல், கூலி எல்லாம் முழுதாகத்தான் போகிறது. நான் நடந்து பார்த்த பண்ணைகளில் ஏதாவது ஒரு மூலை வருடா வருடம் நஷ்டத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். உடையவருக்கு அது தெரியாமல் இருக்காது; காகிதத்தில் எழுதிப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான். நடுவயலில் பத்தில் ஒன்றை விடச் சொன்னால் அது தியாகம். நஷ்டத்தில் ஓடும் மூலையை விடச் சொன்னால் அது லாபக் கணக்கு. சதவீதத்தைப் பேசுவதற்கு முன் இடத்தைப் பேசுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரு தவற்றையும் ஒப்புக்கொள்கிறேன், நீங்கள் அதைத் திரும்பச் செய்யாமல் இருக்க. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விவசாயியிடம், ‘ஓரத்தில் ஆறு அடியை அப்படியே விட்டுவிடுங்கள், இயற்கை பார்த்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் என்னை நம்பி அப்படியே விட்டார். இயற்கை பார்த்துக்கொள்ளவில்லை. முதல் மழையில் களை பிடித்தது. இரண்டாம் ஆண்டு ஒரே ஓர் அந்நியக் களை மற்றதையெல்லாம் அமுக்கிவிட்டு, விதையை வயலுக்குள்ளும் அனுப்பியது. மூன்றாம் ஆண்டு நான் போனபோது அந்த ஓரம் உழுதாகியிருந்தது. அவர் திட்டவில்லை. தேய்ந்துபோன களைக்கொத்து ஒன்றைக் காட்டினார். விட்டுவிடுவது வேறு, வளர்ப்பது வேறு. ஓரம் விடுகிறவர்கள் முதல் இரண்டு ஆண்டு, அந்த மண்ணுக்கு உரிய புல்லையும் பூச்செடியையும் விதைத்து, வேண்டாததைப் பிடுங்கி, பயிர் போலவே பார்க்க வேண்டும். அந்தக் கூலியையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இனி இளைஞருக்கு. அவருடைய மனசு நல்லது, ஆனால் வரப்போரப் பூக்கள் எல்லா உயிரையும் காப்பாற்றிவிடும் என்று அவர் நினைத்தால் அது உண்மை இல்லை. 2011இல் கானாவின் தென்மேற்கிலும் இந்தியாவின் வடக்கிலும் பறவைகளையும் மரங்களையும் எண்ணி வெளியான ஓர் ஆய்வு, இந்தத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பயிர் நிலத்துக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சம் இடம் விடுவதைவிட, இருக்கும் நிலத்தில் நன்றாக விளைவித்துக்கொண்டு, மீதிக் காட்டைத் தொடாமல் விடுவதே அங்கே அதிக இனங்களுக்கு நல்லதாக இருந்தது. சில உயிர்கள் எவ்வளவு மென்மையான விவசாயத்தோடும் சேர்ந்து வாழாது. அவற்றுக்கு வேண்டியது அடர்ந்து, தொடர்ந்து, ஆள் நடமாட்டம் இல்லாத இடம். ஆயிரம் வயல்களில் ஆயிரம் சிறு சதுரங்களை விட்டாலும் அவற்றுக்கு அது வீடாகாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏக்கருக்கு விளைச்சல் கூடினால் காடு தானாகப் பிழைத்துவிடும் என்று சிலர் பேசுவார்கள். நம்பாதீர்கள். லாபம் கூடிய பயிருக்கு ஆசை கூடும். ஆசை கூடினால் அடுத்த காட்டுத் துண்டின் மேல் கண் போகும். விளைச்சலை உயர்த்துவதும், ‘இதற்கு மேல் இல்லை’ என்று எல்லைக் கல் நடுவதும் ஒரே தீர்மானத்தில் இருக்க வேண்டும். அதேபோல, நாம் இங்கே விளைச்சலைப் பாதியாக்கிவிட்டுப் பெருமைப்பட்டால், அந்தக் குறையை ஈடுசெய்ய வேறெங்கோ ஒரு காடு விழும். பெரியவரின் கவலைக்கு இப்படியும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை இளைஞர் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆகவே உங்கள் எல்லைக்குள் இதுவரை உழாத, வெட்டாத துண்டு ஏதாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆற்று வளைவில், பாறைச் சரிவில், சதுப்பில் பெரும்பாலும் இருக்கும். புதிதாக நூறு ஓரங்களை உண்டாக்குவதைவிட அந்தப் பழைய துண்டைத் தொடாமல் காப்பது மலிவு, பயனும் அதிகம். பிறகு, விடப்போகும் ஓரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடைக்கரை வழியாக அந்தத் துண்டில் போய்ச் சேரும்படி கோடு போடுங்கள்.

மரம் வளர்ப்பவர்களுக்கு. ஒரே மரத்தை ஒரே வயதில் நிறுத்தி ஒரே நாளில் வெட்டுவது வசதியானது. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் அந்த வசதியின் விலையை மத்திய ஐரோப்பாவில் பார்த்தார்கள். அங்கே மரத்துக்காகப் பெரும்பரப்பில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றையே நட்டிருந்தார்கள். 2018இல் தொடங்கிய கடும் வறட்சியில் மரங்கள் தளர்ந்தன. பட்டை வண்டுகள் புகுந்தன. ஜெர்மனியிலும் செக் நாட்டிலும் மலைமலையாக மரம் பட்டுப்போய், வெட்டியதை விற்க முடியாமல் விலை விழுந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க வந்தால் வேறு என்ன ஆகும்?

கலந்து நட்டால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சீனாவின் ஜியாங்ஷி மாகாணத்தில் பெரிய சோதனை ஒன்று நடக்கிறது. 2018இல் வெளியான கணக்குப்படி, எட்டு ஆண்டுகளில் 16 வகை மரங்கள் கலந்த பாத்திகள், தனி மரப் பாத்திகளின் சராசரியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் கார்பனைச் சேர்த்திருந்தன, அதாவது அந்த அளவுக்கு வளர்ந்திருந்தன. இதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அதே ஆய்வு, வணிகத்துக்காக நடும் இரண்டு மரங்களின் தனித் தோப்புகளும் ஏறத்தாழ அதே அளவு சேர்த்திருந்தன என்றும் சொல்கிறது. ஆகக் கலப்புத் தோப்பு உங்கள் தேர்ந்த வணிக மரத்தை வளர்ச்சியில் தோற்கடிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஈடுகொடுக்கும், ஒரு வண்டுக்கோ ஒரு நோய்க்கோ முழுத் தோப்பையும் பறிகொடுக்காது. வெட்டுக் கூலி குறையாமல் இருக்க, மரத்துக்கு மரம் கலக்காமல் சிறு சிறு பாத்திகளாக மாற்றி மாற்றி நடுங்கள். ஓடைக்கரை மரங்களை வெட்டுப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு கொத்து மரத்தை நிற்க விடுங்கள்.

பட்டமரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தோப்பைச் சுத்தமாக வைக்கிறேன் என்று பட்டமரங்களையெல்லாம் இழுத்துப்போடுவது பலருக்குப் பழக்கம். ஃபின்லாந்தின் காடுகளில் வாழும் உயிரினங்களில் ஏறக்குறைய நாலில் அல்லது ஐந்தில் ஒன்று, பட்ட மரத்தை நம்பியிருக்கிறது. பட்டு நிற்கும் ஒரு தடித்த மரத்தின் அருகே போய்ப் பாருங்கள்: பட்டைக்கடியில் வண்டுப் புழு ஓடிய வரிகள், அதைத் தேடி மரங்கொத்தி போட்ட பொந்து, மரங்கொத்தி காலி செய்ததும் அந்தப் பொந்தில் குடியேறிய வேறொரு பறவை, அடியில் காளான். உயிரோடு நிற்கும் பக்கத்து மரத்தில் இவ்வளவு நடமாட்டம் இருக்காது. ‘வண்டு பரவிவிடுமே’ என்பார்கள். பயம் சரி, மரம்தான் வேறு. உயிர்மரத்தைக் கொல்லும் பட்டை வண்டு, தளர்ந்த அல்லது புதிதாகப் பட்ட, பட்டைக்கடியில் இன்னும் ஈரமிருக்கிற மரத்தில்தான் பெருகும். அதை உடனே அகற்றுங்கள். பட்டை உதிர்ந்து, காய்ந்து, வெளுத்து நிற்கும் பழைய மரத்தால் அந்த ஆபத்து இல்லை. பாதையோரத்தில் மட்டும் விடாதீர்கள். கிளை ஒடிந்து ஆள் மேல் விழுந்தால் எந்தப் பல்லுயிரும் பதில் சொல்லாது.

மீன். இங்கேதான் நிதானம் அதிகம் வேண்டும். பயிர்க்காரருக்கு ஓரம் போனால் நடுவயல் இருக்கிறது. வலைக்காரருக்கு இன்று பாடு இல்லையென்றால் இன்று வருமானம் இல்லை.

பிலிப்பைன்ஸில் சுமிலான் என்ற சிறு தீவைச் சுற்றிப் பவளப்பார் இருக்கிறது. 1974இல் அந்தப் பாரில் நாலில் ஒரு பங்கை, மீன் பிடிக்கக்கூடாத இடமாக ஒதுக்கினார்கள். மீதி முக்காலில் மீனவர்கள் பிடித்துவந்தார்கள். 1984இல் அந்தக் காவல் உடைந்தது. ஒதுக்கிய இடத்திலும் வலை இறங்கியது. பிடிக்கும் பரப்பு கூடியிருக்கிறது, ஆகவே மீனும் கூடியிருக்க வேண்டும், இல்லையா? தீவின் மொத்த மீன்பாடு, காவல் உடைவதற்கு முன் இருந்ததைவிட 1985-86க்குள் 54 சதவீதம் குறைந்தது. பிடிக்காமல் விட்டிருந்த கால் பங்குதான், பிடித்துக்கொண்டிருந்த முக்கால் பங்குக்கு மீன் அனுப்பிக்கொண்டிருந்தது. அது அங்கே இருந்தவரை யாருக்கும் அதன் மதிப்பு தெரியவில்லை.

உங்களுடையது பவளப்பார் இல்லை, கழிமுகம். ஒரு மூலையை நிரந்தரமாக மூடினால் அதே பலன் வரும் என்று சொல்வது சரியாகாது. கழிமுக மீன்களில் பல, குஞ்சாக உள்ளே வந்து வளர்ந்து கடலுக்குப் போகிறவை. அதனால் நான் முதலில் கேட்பது இரண்டு. குஞ்சுகள் ஒளிந்து வளரும் ஆழம் குறைந்த ஓரங்களிலும் நீர்த்தாவரப் படுகைகளிலும் இழுவலை இறங்கக்கூடாது. சினைமீன் கூடும் வாரங்களில் மீன் பிடிப்பு நிற்க வேண்டும். எந்த ஓரம், எந்த வாரம் என்பதை என்னிடம் கேட்காதீர்கள். உங்கள் மூத்த மீனவர்கள் மூன்று பேரைத் தனித்தனியே கேளுங்கள். மூவரும் ஒரே இடத்தைச் சொன்னால் அதுதான் இடம்.

பெரிய மீனையும் பேச வேண்டும். சின்ன மீனை விட்டுவிட்டுப் பெரியதைப் பிடி என்பதுதான் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. பாதி சரி. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், அட்லாண்டிக் கடலின் காட் (cod) என்ற மீனின் கணக்கு வருகிறது: 30 கிலோ எடையுள்ள ஒரு தாய்மீன் இடும் முட்டைகளுக்கு ஈடாக, 2 கிலோ மீன்கள் 28 வேண்டும். எடையில் பதினைந்து மடங்கு, முட்டையில் இருபத்தெட்டு மடங்கு. அதே காட் மீனைத்தான் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பல நூற்றாண்டுகள் பிடித்து, கடைசியில் 1992 ஜூலையில் அரசு மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 30,000 பேர் வேலை இழந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்தும் பழைய அளவுக்கு மீன் திரும்பவில்லை. விதைநெல்லை விற்றுத் தின்றவன் கதைதான். தண்ணீருக்கு அடியில் நடந்ததால் குதிர் காலியானது யார் கண்ணிலும் படவில்லை. எனவே குஞ்சையும் விடுங்கள், மிகப் பெரிய சினைமீனையும் விடுங்கள், நடுத்தரத்தைப் பிடியுங்கள். வலைக்கண் அளவைக் கூட்டினால் குஞ்சு தப்பும். பெரிய மீன் உயிரோடு தப்புவதற்குத் தூண்டிலும் கூண்டுப் பொறியும் இழுவலையைவிட ஏற்றவை.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. நஷ்டம் யாருக்கு என்பதை எழுதாத பல்லுயிர்த் திட்டம் எப்போதும் கடைசி ஆளின் தலையில்தான் விடிகிறது.

அமெரிக்காவின் அயோவாவில் மக்காச்சோளமும் சோயாவும் பயிரிடும் சரிவு நிலங்களில் ஒரு சோதனை செய்தார்கள். நிலத்தின் பத்தில் ஒரு பங்கில், சரிவுக்குக் குறுக்கே, அந்த மண்ணுக்கு உரிய புல்லும் பூச்செடியும் கலந்த நீண்ட நிலப்பட்டைகளை விட்டார்கள். வயலிலிருந்து அடித்துக்கொண்டு போகும் வண்டல் 95 சதவீதம் குறைந்தது. ஓடும் நீரில் போகும் பாஸ்பரஸ் 90 சதவீதமும் நைட்ரஜன் 85 சதவீதமும் குறைந்தன. உங்கள் இளைஞர் சொன்ன அதே பத்தில் ஒன்று! ஆனால் விட்ட இடத்தைக் கவனியுங்கள்: தண்ணீர் ஓடும் சரிவுக்குக் குறுக்கே. உங்கள் சங்கத்தில் அந்த வண்டலும் உரமும் எங்கே போகின்றன? கழிமுகத்துக்கு. அங்கே பாசி மண்டி, நீரில் ஆக்சிஜன் குறைந்து, குஞ்சு சாகிறது. மேட்டுச் சரிவில் ஒருவர் பட்டை விட்டால், கீழே கழிமுகத்தில் வலை போடுகிறவருக்குப் பலன். விட்டவருக்குக் கிடைப்பது தம் மண் தம்மிடமே இருப்பது. அதன் அருமை தெரியப் பல ஆண்டுகள் ஆகும். இப்படி மூன்று தரப்பும் ஒரே சங்கத்தில் இருப்பதை நீங்கள் தலைவலியாக எழுதியிருக்கிறீர்கள். நான் அறிந்த பெரும்பாலான இடங்களில் மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரின் முகமே தெரியாது. உங்களிடம் எல்லோரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் இருக்கிறார்கள்.

நான் என்றால் இப்படிச் செய்வேன். ஆளுக்கு இத்தனை என்று வைக்காமல் நிலத்துக்கு இத்தனை என்று வைப்பேன். ஒரு ஏக்கர் வைத்திருப்பவரையும் முப்பது ஏக்கர் வைத்திருப்பவரையும் ஒரே சதவீதத்தில் கட்டுவது சமமாகத் தெரியும், நியாயமாக இராது. சரிவும் ஓடைக்கரையும் யாருடைய நிலத்தில் வருகிறதோ அவர் விடட்டும். விட்ட நீளத்துக்கு ஏற்ப, பொதுநிதியிலிருந்து அவருக்கு ஆண்டுதோறும் பணம் போகட்டும். குத்தகைக்கு எடுத்தவர் விட்டால் பணம் குத்தகைதாரருக்குப் போக வேண்டும், நில உடைமையாளருக்கு அல்ல; இதை எழுத்தில் வையுங்கள், பின்னால் சண்டை வரும் இடம் இதுதான். மீன்பிடிப்பு நிற்கும் வாரங்களுக்கு மீனவர்களுக்கு உதவித்தொகை முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். வாரம் முடிந்த பிறகு கொடுக்கும் பணத்தை நம்பி யாரும் வலையைக் கரையில் போட்டு வைக்கமாட்டார்கள்.

பொதுநிதிக்குப் பணம்? கொள்முதல் நிறுவனத்திடம் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். 2022 டிசம்பரில் மொன்றியலில் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட பல்லுயிர் உடன்பாட்டில், பயிரும் மீனும் காடும் பல்லுயிர் கெடாமல் நடக்க வேண்டும் என்பது பத்தாவது இலக்கு. பெரிய நிறுவனங்கள் தங்கள் தொழில் பல்லுயிரை எப்படிப் பாதிக்கிறது என்பதை வெளியில் சொல்லும்படி அரசுகள் செய்ய வேண்டும் என்பது பதினைந்தாவது. நிறுவனம் உங்களிடம் திட்டம் கேட்பதன் பின்னால் இப்படிப்பட்ட நெருக்கடி இருக்கக்கூடும். அவர்களுக்கு உங்களிடமிருந்து ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளுக்கு விலை உண்டு. கொள்முதல் விலையில் கூடுதலாகவோ, பல ஆண்டு ஒப்பந்தமாகவோ அதை வாங்குங்கள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஐந்தாண்டு நிலப்பட்டை விடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். (இளைஞர் எங்காவது 30 சதவீதம் என்று படித்திருந்தால், அது 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் காக்க வேண்டிய மொத்தப் பங்கு, ஒவ்வொருவர் வயலுக்குமான அளவு அல்ல.)

திட்டத்தோடு நிறுவனம் அனுப்பும் படிவத்தில் நூறு கட்டங்கள் இருக்கும். அவற்றை நிரப்புவதற்குள் பாதி ஊக்கம் போய்விடும். சங்கத்துக்கென்று நீங்கள் எண்ண வேண்டியவை கொஞ்சம்தான். மேலே சொன்ன தட்டில் விழும் பூச்சிகள். பிடிபடும் மீனின் நீளம். எடையைவிட நீளம் முக்கியம், சராசரி நீளம் குறைந்துகொண்டே வந்தால் மீன்பாடு நன்றாக இருக்கும்போதே ஆபத்து தொடங்கிவிட்டது. பிறகு ஒரு கண்ணாடிப் புட்டி: ஒவ்வொரு கனமழைக்குப் பிறகும் ஓடையின் மேல்பக்கத்திலும் கீழ்பக்கத்திலும் ஒரு புட்டி நீர் எடுத்து, ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் எத்தனை விரற்கடை வண்டல் படிகிறது என்று குறித்து வையுங்கள். சங்க அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி அலமாரியில் வரிசையாக வையுங்கள், தேதி ஒட்டி. மூன்றாம் ஆண்டுப் புட்டியும் முதலாம் ஆண்டுப் புட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படிவம் யாருக்கும் தேவைப்படாது.

அறுவடைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது போதும். பெரியவரின் வயலையே எடுத்துக்கொள்ளுங்கள், அவர் சம்மதித்தால். நான்கு பக்கமும் ஓரத்திலிருந்து ஆறு தப்படி அளந்து கயிறு கட்டி, ஓரத்து மகசூலைத் தனியாக அறுத்துத் தனி மூட்டையில் கட்டுங்கள். நடுவயலில் அதே பரப்பை அளந்து இன்னொரு மூட்டை. தராசை அவரே பிடிக்கட்டும். இரண்டு எடையையும், ஓரத்துக்கு ஆன செலவையும், எந்த ஓரத்தில் நிழல், எந்த ஓரத்தில் வண்டி திரும்பும் என்பதையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு அந்தத் தாளை வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.